ஆஜராகாத ரிமோட்

விளக்கு எரிகிறதே, பிறகு என்ன கேடு உனக்கு என்று ஆசீர்வாதம் லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டார். ரிமோட்டின் நெற்றியில் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஒயரின் ஒரு முனை ரிமோட்டின் வயிற்றில், மறுமுனை லேப்டாப்பின் விலாவில். இரண்டும் சாப்பாட்டு மேசையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஆனாலும் திரையில் அந்த அறிவிப்புப் பெட்டி மறுபடி எழுந்து வந்து, ரிமோட்டைக் காணவில்லை, இணைப்பைச் சரிபார்க்கவும் என்றது. அதன் கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று மீண்டும் முயல்க, மற்றொன்று பிறகு பார்க்கலாம். பிறகு பார்க்கலாம் என்றால் வாய்தா. பாளையங்கோட்டைக் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்து வாய்தா தேதி எழுதி எழுதியே விரல் தேய்ந்து ரிட்டயர் ஆனவரிடம் வந்து வாய்தா வேண்டுமா என்று ஒரு யந்திரம் கேட்கிறது. அங்கே டவாலி சூசைமுத்து வராந்தாவில் நின்று சாட்சியின் பேரை மூன்று தரம் ராகம் போட்டுக் கூவுவான். சாட்சி அங்கேயே தூணுக்குப் பின்னால் நின்று கடலை தின்றுகொண்டிருப்பான். காது கேட்காதவன் அல்ல. தன் பேரை அவ்வளவு ராகமாக ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை, அதனால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருப்பான். சாட்சி ஆஜரில்லை என்று இவர் எழுதுவார். இந்த ரிமோட்டும் அந்த ஜாதிதான். நெற்றியில் விளக்கை வைத்துக்கொண்டு எதிரிலேயே கிடக்கிறது, கூப்பிட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. அவர் மீண்டும் முயல்க என்பதை அமுக்கினார். சின்ன வட்டம் சுற்றியது. அது சுற்றும்போதெல்லாம், மனைவி ரூபாவதியை இந்நேரம் ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போயிருப்பார்களோ என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வட்டம் நின்றது. ரிமோட்டைக் காணவில்லை.

ரூபாவதி கண் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இரண்டு கண்ணிலும் புரை, இன்றைக்கு வலது கண்ணுக்கு ஆபரேஷன். அவள் தங்கை ஸ்டெல்லா காலையிலேயே ஆட்டோவில் வந்து அழைத்துப் போய்விட்டாள். புருஷன்காரன் வீட்டில் உட்கார்ந்து ரிமோட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறானே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருந்தது, ஆனால் வெளியே சொல்லிக்கொள்கிற பதில் இல்லை. போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் ரூபாவதியின் இமையை விரித்துச் சொட்டு மருந்து விட்டாள். அதைப் பார்த்த ஆசீர்வாதம் நாற்காலியோடு சரிந்தார். கண் விழித்தபோது ஒரு கட்டிலில் அவர், பக்கத்துக் கட்டிலில் ரூபாவதி. டாக்டர் வந்து, இதில் யாருக்கு ஆபரேஷன் என்று கேட்டார். அப்புறம் அவளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “நீங்க வர வேண்டாம். இப்ப எனக்கு இருக்கதே அரைக் கண்ணு. அதை வச்சு உங்களைக் காவல் காக்கவா?” அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. வீட்டில் இருந்தார். இருந்தால் கை சும்மா இருக்குமா? கையைச் சும்மா விட்டால் மனசு இமையை விரிக்கிறது. அதனால்தான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து இந்தப் பெட்டியை எடுத்தார். கிறிஸ்துமஸுக்கு மகள் ஷெரின் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது. டிவி, செட்டாப் பெட்டி, ஏசி, ரிமோட்டில் ஓடுகிற ஃபேன், அந்த நீளமான ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இது ஒன்று போதும்ப்பா, கம்ப்யூட்டரில் மாட்டி ஒருதரம் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும் என்றாள். சொல்லிக் கொடுக்க நேரம் இல்லாமல் ரயில் ஏறிவிட்டாள். பெட்டியைத் திறந்தால் ரிமோட் இருந்தது, ஏழெட்டு பாஷையில் எச்சரிக்கைத் தாள் இருந்தது, ஒயரைக் காணோம். அதனால் என்ன, ஒயருக்கா பஞ்சம் என்று செல்போன் சார்ஜரிலிருந்து வெள்ளை ஒயரை உருவி மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தியதில்தான் வந்தது வினை.

ஷெரினைக் கூப்பிட்டுக் கேட்கலாம்தான். கேட்டால், அப்பா நான் சொல்றதை மட்டும் செய்யுங்க என்று இப்போதெல்லாம் ஒரு குரலில் பேசுகிறாளே, பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, அந்தக் குரல் வரும். அதன் பின்னால், அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போயாச்சா என்று கேட்பாள், குரல் நடுங்கும், இவருக்கும் நடுங்கும், இரண்டு நடுக்கத்தையும் வைத்துக்கொண்டு ரிமோட்டை எப்படிச் சரிசெய்வது? வேண்டாம். அவர் ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பின் அடுத்த ஓட்டையில் சொருகினார். போகவில்லை. திருப்பிச் சொருகினார். அதுவும் போகவில்லை. முதலில் சொருகியபடியே மறுபடி சொருகினார், போயிற்று. இதற்கு மட்டும் விஞ்ஞானத்தில் பதிலே கிடையாது. பச்சைப் பொட்டு எரிந்தது. ரிமோட்டைக் காணவில்லை. வேட்டி நுனியைத் திரித்து ஓட்டையைத் துடைத்தார். வாய் வைத்து ஊதினார். உள்ளேயிருந்து ஒரு பொரித் துணுக்கு பறந்து வந்து கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கியபோது கண் என்ற நினைப்பே அவரை நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வைத்தது. கர்த்தாவே, ஒரு பொரிக்கே இப்படி என்றால் அவள் எப்படித் தாங்குவாள்? அவள் தாங்குவாள். ஷெரின் பிறந்தபோது ரூபாவதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டே இவர் சட்டையில் பட்டன் மாறிப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தவள். கண் என்றால் அது கண். கோவில்பட்டி பஸ்ஸை அரை மைல் தள்ளியே வாசித்துவிடுவாள், மீன்காரி கூடையைத் திறக்கும் முன்னே இது நேத்து மீன் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணில்தான் பாலாடை மாதிரி ஏதோ படிந்தது, எப்போது படிந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் சொல்லவில்லை. ரிமோட்டுகளுக்கு ரப்பர் பாண்ட் சுற்ற ஆரம்பித்தாள். டிவிக்கு ஒன்று, செட்டாப் பெட்டிக்கு இரண்டு, ஏசிக்கு மூன்று. இவர் கேட்டதற்கு, கை வழுக்குது என்றாள். ரப்பர் பாண்டுகள் அறுந்தன. ஒருநாள் செய்தியின் சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று ஏசியைப் பதினாறில் வைத்துவிட்டாள், இரண்டு பேரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு சட்டசபைச் செய்தி கேட்டார்கள். சிரித்தார்கள். இன்னொரு நாள் எதையோ அமுக்கி டிவி முழுக்கச் சீன எழுத்தோ கொரிய எழுத்தோ ஆகிவிட்டது. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. ரிமோட்டுகளை வரிசையாக மேசையில் வைத்துவிட்டு, “எனக்கு வேண்டாம், நீங்க பாருங்க” என்று எழுந்து போனாள். செய்தி வாசிக்கிறவனோடு வரிக்கு வரி சண்டை போடுகிறவள், வாயில வந்ததைப் பேசுதானே இவன், இவனுக்கு யாரு சம்பளம் குடுக்கா என்று டிவியைப் பார்த்துக் கை நீட்டுகிறவள், உள்ளறையில் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்தாள். அந்த வேண்டாம் இவருக்குள் எங்கோ போய்ச் சிக்கிக்கொண்டது. மீன் முள் மாதிரி. சோற்று உருண்டை விழுங்கினாலும் இறங்கவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகும் என்று உலகம் பூராவும் சொல்கிறார்கள். அணைத்தார். திரை கறுத்து, அதற்குள் ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு. ஆசீர்வாதம் வாயை மூடினார், அவனும் மூடினான். கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. ஒயர் சரி, ரிமோட் சரி, லேப்டாப் சரி, ஒருவேளை உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத்தான் இணைப்பு விட்டுப்போயிற்றோ? நாசரேத் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் தன்னோடு இருபது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பேர் வராமல், வாங்க வாங்க வாங்க என்று மூன்று தரம் சொன்னார். டவாலியாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். போன மாதம் பாலில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டு ஓசைப்படாமல் அடுப்பில் வைத்துவிட்டு வந்தார், அதன் பிறகு அந்தப் பால் என்ன ஆயிற்று என்பதும் ஞாபகம் இல்லை. இதெல்லாம் வயசில் எல்லாருக்கும் வருவதுதான். ஆனால் எல்லாருக்கும் வருவது தனக்கு வரும்போது அப்படித் தோன்றுவதில்லை. ரூபாவதியிடம் சொல்லவில்லை. அவளும்தான் சொல்லவில்லையே. கண் இப்படிப் போயிருக்கிறது என்று இவருக்குத் தெரிந்ததே கோயிலில் வைத்துத்தான். பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் பிசகாமல் பாடினாள், புத்தகம் தலைகீழாக இருந்தது. இவர் பார்த்துவிட்டு, மேலே சிலுவையைப் பார்த்தார். லேப்டாப் முனகிக்கொண்டு உயிர்த்தது. கிழவன் மறைந்தான். ரிமோட்டைக் காணவில்லை.

எச்சரிக்கைத் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு நம்பர் இருந்தது. அதைச் சுழற்றினார். தமிழுக்கு இதை அமுக்கவும், ரிமோட்டுக்கு அதை அமுக்கவும் என்று நடத்திக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு பெண்குரலிடம் விட்டார்கள்.

“வணக்கம் சார், நான் ஹரிணிப்ரியா பேசுறேன். உங்களுக்கு எந்த வகையில உதவட்டும்?”

“ரிமோட்டு இங்கன எம் முன்னால கெடக்கு. கம்ப்யூட்டரு இல்லவே இல்லைங்கு.”

“புரியுது சார். உங்க ரிமோட் கம்ப்யூட்டரோட கனெக்ட் ஆகலை. சரிங்களா சார்?”

“நான் சொன்னதைத்தானம்மா நீ திருப்பிச் சொல்லுத.”

“ஆமா சார். உங்க பொறுமைக்கு நன்றி. கொஞ்சம் லைன்ல இருங்க.”

இல்லாத ஒன்றுக்கு நன்றி வாங்கிக்கொண்டு ஆசீர்வாதம் காத்திருந்தார். காதில் ஒரு புல்லாங்குழல் ஒரே வளைவில் ஏறி ஏறி இறங்கியது. ஆபரேஷன் அறையிலும் பாட்டுப் போடுவார்கள் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். என்ன பாட்டுப் போடுவார்கள்? ரூபாவதிக்குப் பிடிக்காத பாட்டாக இருந்தால் எழுந்து உட்கார்ந்து நிறுத்தச் சொல்வாளே. அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அசையாமல் அவளைப் பார்த்தது எப்போது? தூக்கத்தில்கூட அவள் கை ஏதாவது மடித்துக்கொண்டிருக்கும். புல்லாங்குழல் சட்டென்று அறுந்தது.

“சார், ஒயரை எடுத்துட்டு மறுபடி மாட்டிப் பாத்தீங்களா?”

“எடுத்தேன். மாட்டினேன். ஊதினேன். தொடச்சேன். அணைச்சுப் போட்டேன். இனி மந்திரிக்கதுதான் பாக்கி.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரிப்பை உடனே விழுங்கிக்கொண்டு, “அது ரிமோட்டோட வந்த ஒயர்தானே சார்?” என்றாள்.

“போன் ஒயரு. ஒயர்னா ஒயர்தானம்மா? கரெண்டு போகுது, விளக்கு எரியுது.”

“சில ஒயர்ல கரெண்ட் மட்டும்தான் சார் போகும். தகவல் போகாது. பெட்டியோட கறுப்பா ஒண்ணு வந்திருக்கும், அதை மாட்டுங்க சார்.”

போனை வைத்த பிறகும் அவர் வெள்ளை ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு போகும், பேச்சுப் போகாது. அப்படியும் ஒரு ஒயரை மனுஷன் செய்வானா? செய்வான், ஏன் செய்ய மாட்டான். சாந்திநகரில் அவருடைய பெரியப்பா வீடு அப்படித்தான் நடந்தது. பெரியம்மை தட்டை வைப்பாள், பெரியப்பா சாப்பிடுவார், உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து உப்பு என்பார். தன் வீடு அப்படி இல்லை என்று ஆசீர்வாதம் அவசரமாகச் சொல்லிக்கொண்டார். இங்கே பேச்சுக்குக் குறைவே கிடையாது. காலையில் தண்ணீர் வந்ததா என்று தொடங்கினால் ராத்திரி கதவைப் பூட்டியாச்சா என்பது வரைக்கும் பேச்சுத்தான். பேச்சுத்தான், ஆனால் கண்ணும் உப்புப் போட்ட பாலும் மட்டும் அதில் வரவில்லை. சரி, இப்போது அது எதற்கு? கறுப்பு ஒயர் எங்கே? அலமாரியில் இல்லை, டிவிக்கு அடியில் இல்லை, தையல் மெஷின் இழுப்பறையில் இல்லை. இந்த வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒரு ஆளின் தலைக்குள் இருந்தது, அந்தத் தலை இப்போது ஆஸ்பத்திரியில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு இருந்தது. அவளிடம் கேட்டால் ரிமோட் விஷயம் வெளியே வந்துவிடும். அவள் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் கையில் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தார். ரிமோட்டைப் பற்றிச் சொல்லாமல் ஒயரை மட்டும் கேட்டால் என்ன? எத்தனை வக்கீல் குறுக்கு விசாரணை பார்த்தவர். ஸ்டெல்லாவின் நம்பருக்குப் போட்டார். ரூபாவதியே எடுத்தாள்.

“ஏங்க, என்ன? மயக்கமா?”

“இல்ல, சும்மாதான். இன்னும் கூப்பிடலியா?”

“அடுத்தாப்புல நாந்தான். இப்பத்தான் கண்ணுல மருந்தை ஊத்தி, இமையை இப்படி…”

“அதைச் சொல்லாத.”

“சரி, சொல்லல. எதுக்குப் போன் போட்டிய?”

“ஷெரின் வாங்கிட்டு வந்த பெட்டிக்குள்ள ஒரு கறுப்பு ஒயரு இருந்துதுல்ல…”

“எதை ஒடச்சிய?”

“ஒண்ணையும் ஒடைக்கல.”

“டிவியைக் கழத்திட்டியளா?”

“கழத்தல ரூபா. சும்மா மேசையில கெடக்கதையெல்லாம் ஒதுங்க வைக்கலாம்னு பாத்தேன்.”

அந்தப் பக்கம் அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். பிறகு, “ஸ்டெல்லா, இங்க வா, அத்தானுக்கு என்னமோ ஆயிட்டு, மேசையை ஒதுங்க வைக்காவளாம்” என்பது தூரத்தில் கேட்டது. எத்தனையோ பொய்ச்சாட்சிகள் எங்கே வழுக்கி விழுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தேவைக்கு மேலே நல்லவனாகக் காட்டிக்கொள்கிற இடத்தில்தான். ரூபாவதி திரும்ப வந்தாள்.

“பால்கனியில மணிபிளான்ட் சரிஞ்சு கெடந்துது. அந்த ஒயரை வச்சுத்தான் தொட்டியில நட்டிருக்க கம்பியோட சேத்துக் கட்டிப்போட்டேன். நல்ல உறுதியான ஒயரு. இந்தா, கூப்பிடுதாவ. வைக்கேன். ஏங்க…”

“என்ன?”

“மீன் கொழம்பு அடுப்பு மேல இருக்கு. சுட வச்சுச் சாப்பிடுங்க.”

வைத்துவிட்டாள். ஏங்க என்பதற்கும் மீன் குழம்புக்கும் நடுவில் அவள் வேறு ஏதோ சொல்ல வந்தாள் என்று அவருக்குப் பட்டது. மீன் குழம்பு சொல்ல அப்படி இழுக்க மாட்டாள். அவர் வெள்ளை ஒயரைப் பிடுங்கித் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனார். கறுப்பு ஒயர் இருந்தது. மணிபிளான்டின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, கம்பியோடு முடிச்சுமேல் முடிச்சாக. கண் தெரியாமல் விரலாலேயே போட்ட முடிச்சு. அவிழ்க்கவே முடியவில்லை. பல்லால் கடித்தார். கட்டியிருந்த இடத்தைத் தடவியபோது அவள் இங்கே குனிந்து நின்று, செடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இலை எது ஒயர் எது என்று தேடிப் போட்டிருப்பாள் என்று தோன்றி, கொஞ்ச நேரம் பல்லை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார். பிறகு மறுபடி கடித்தார். முடிச்சு விட்டுக்கொடுத்ததும் செடி கள்ளுக்கடையிலிருந்து வந்தவன் மாதிரி அவர் தோளில் சாய்ந்தது. கட்ட வேறு ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. தோளில் வெள்ளை ஒயர் கிடந்தது. அதை வைத்தே கட்டினார். பேசத் தெரியாத ஒயருக்குப் பொருத்தமான வேலை என்று தன்னையே மெச்சிக்கொண்டு உள்ளே வந்து கறுப்பு ஒயரை மாட்டினார். டிங் என்றது. கோயில் மணிக்குக்கூட அவர் அப்படி நிமிர்ந்ததில்லை. ரிமோட் கிடைத்துவிட்டது என்று திரையில் பச்சை எழுத்தில் வந்தது. “ஆஜர்!” என்று காலி வீட்டில் கத்தினார்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் ஒரு நல்ல வக்கீல் குமாஸ்தாவைப் போல நடந்துகொண்டது. டிவி என்ன கம்பெனி, ஏசி என்ன நம்பர் என்று கேட்டது. அவர் நாற்காலி போட்டு ஏறி, டிவியின் முதுகைத் திருப்பி, தூசி துடைத்து ஒவ்வொன்றாக வாசித்து வந்து தட்டினார். முதல் பட்டனுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டது. படம் பார்க்க, பாட்டுக் கேட்க என்று அதுவே சில பேர்களை எடுத்துக் கொடுத்தது. எதுவும் சரியில்லை. ரூபாவதி படமா பார்க்கிறாள்? யோசித்து, சண்டை என்று தட்டினார். சண்டை என்றால் டிவி, செட்டாப் பெட்டி, ஸ்பீக்கர், ஃபேன் எல்லாம் ஒன்றாக உயிர்பெற்று நேராகச் செய்தியில் போய் நிற்க வேண்டும். சரி என்றது கம்ப்யூட்டர். மாற்றங்கள் ரிமோட்டுக்குப் போகின்றன, ஒயரை எடுக்க வேண்டாம். ஒரு நீலக் கோடு மெதுவாக நீள ஆரம்பித்தது. நீளட்டும். இது முழுசாக நீண்டால் அவளுக்கும் நல்லபடியாக முடியும் என்று மனசு சொன்னது. சீ, என்ன இது, ஞானஸ்நானம் வாங்கியவன் கம்ப்யூட்டரில் குறி கேட்கலாமா? கேட்கக் கூடாது. ஆனால் கோடு பாதியைத் தாண்டியது நல்லதுதானே. முக்காலைத் தாண்டியது. கடைசியில் ஒரு நகக்கண் அளவு மிச்சம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டது. நின்றது நின்றதுதான். அவர் மனசுக்குள் இப்போது ரூபாவதியின் இமையை விரித்தார்கள், ஏதோ பளபளவென்று வந்தது, காதுக்குள் கொசு பாடியது. நர்ஸ் சொல்லித் தந்தபடி தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையின் அடிப்பாகம் தெரிந்தது. யாரோ சூயிங்கம் ஒட்டியிருந்தார்கள். ஷெரினாகத்தான் இருக்க வேண்டும், பள்ளிக்கூடம் போன காலத்தில். கர்த்தாவே, குறி கேட்டதை மன்னியும். கோடு எப்படியும் போகட்டும். ரிமோட் வேண்டவே வேண்டாம். வேண்டாம் என்றதும் இவருக்கே திக்கென்றது, சரி, முடிந்தால் ரிமோட்டும்.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தாரோ தெரியவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அமைதி என்றால் போன் அடிக்காத அமைதி. ஆபரேஷன் வெகு சீக்கிரம் முடிந்துவிடும், முடிந்ததும் போன் போடுகிறேன் அத்தான் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கறுப்பு. அமுக்கினார், கறுப்பு. புல்லாங்குழல் கேட்டே சார்ஜ் எல்லாம் தீர்ந்திருக்கிறது. சார்ஜரைத் தேடி ஓடினார். சுவரில் சார்ஜரின் வெள்ளைத் தலை மட்டும் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. ஒயர்? ஒயர் எங்கே என்று தலைக்குள் தேடினார். டவாலி கூவினான். மேசைமேல் இல்லை. தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் மணிபிளான்டின் இடுப்பு ஞாபகம் வந்தது. பால்கனிக்குப் பாய்ந்து, தான் போட்ட முடிச்சைத் தானே சபித்து, அவிழ்க்கப் பொறுமையில்லாமல் உருவி இழுத்ததில் செடி, கம்பி, தொட்டி மூன்றும் சேர்ந்து அவர் காலடியில் விழுந்து, தொட்டி உடைந்தது. எதை ஒடச்சிய என்று கேட்டாளே, இப்போது கேட்டால் பதில் இருக்கிறது. மண் காலோடு ஹாலுக்கு வந்து போனை மாட்டினார். திரையில் ஒரு காலி பேட்டரிப் படம் வந்தது. பிறகு கம்பெனிப் பேர் வந்தது. போயிற்று. மறுபடி வந்தது. பின்னால் மேசையில் லேப்டாப் டிங் என்று, முடிந்தது என்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. போன் விழித்ததும் அத்தனை நேரம் காத்திருந்த தவறிய அழைப்புகளெல்லாம் குதித்துக் குதித்து வந்தன. அவர் போடுவதற்குள் அதுவே அடித்தது.

“அத்தான்! உயிரோட இருக்கியளா?” ஸ்டெல்லா கத்தினாள்.

“அவளுக்கு என்ன ஆச்சு?”

“அக்காவுக்கு ஒண்ணும் ஆகல, நல்லபடியா முடிஞ்சு வெளிய வந்தாச்சு. உங்க போனுதான் அணைஞ்சு கெடக்குன்னு இங்க ஒரே ரகளை. இந்தா, பேசுதா.”

போன் கைமாறும் சத்தம். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“ஏங்க.”

“ம்.”

“நல்லா இருக்கியளா?”

“அது நான் கேக்க வேண்டியதுல்லா?”

“மேசையை ஒதுங்க வைக்கேன்னிய, அப்புறம் போனு எடுக்கல. நான் தரையில விழுந்து கெடக்கியன்னு நெனச்சேன். அழக் கூடாதுன்னு நர்ஸம்மா சத்தம் போடுதா.”

“சார்ஜ் போட மறந்துட்டேன்” என்றார் ஆசீர்வாதம். அதோடு நிறுத்தியிருக்கலாம். சொல் தானாக வந்தது. “எனக்கு இப்பல்லாம் ரொம்ப மறந்து போகுது, ரூபா.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பால்ல உப்பைப் போட்டிய. நாந்தான் கொட்டிட்டு வேற பாலு காய்ச்சுனேன்.”

ஆசீர்வாதம் சுவரோடு சாய்ந்துகொண்டார். முதலில் கோபம் வரப் பார்த்தது, அது வருவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. “நீ கோயில்ல பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்த” என்றார்.

“அதையும் பாத்துட்டியளா?”

“பாத்தேன்.”

“அப்ப எடுத்துச் சொல்லக் கூடாதா, பாவி மனுசா? எத்தனை பேரு பாத்தாவளோ” என்றாள். அந்தப் பக்கம் நர்ஸ் மறுபடி சத்தம் போட்டாள், இந்தத் தடவை சிரித்ததற்கு. நாளைக்கு மருந்து வாங்கப் போகும்போது உங்களையும் ஒரு டாக்டருட்ட காட்டிட்டு வந்திருவோம், கேட்டியளா என்றாள் ரூபாவதி. நான் கூட வாரேன், விழுந்தா பிடிச்சுக்கிடுதேன் என்றும் சொன்னாள். சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒரு விஷயத்துக்குச் சரி சொன்னது அவருக்கே புதுசாக இருந்தது.

சாயங்காலம் ஆட்டோ வந்தது. ஸ்டெல்லாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ரூபாவதி படியேறி வந்தாள், முகத்தில் பாதியை மறைத்து ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி. உள்ளே வந்து நின்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். மேசை ஒதுங்கவில்லை, பால்கனிக் கதவு வரைக்கும் மண் காலடி, மீன் குழம்பு அப்படியே. சோபாவில் உட்காரவைத்ததும் ஆசீர்வாதம் ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார்.

“மேல இருக்குல்ல, பெரிய பட்டன். அதை மட்டும் அமுக்கு.”

அமுக்கினாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை, அந்த ஒரு நொடியில் அவர் உயிர் பாதி போயிற்று. பிறகு ஃபேன் அசைந்தது. ஸ்பீக்கரில் நீல விளக்கு வந்தது. டிவி விழித்து, நேராகச் செய்தியில் போய் நின்றது. “அட” என்றாள் ஸ்டெல்லா. ரூபாவதி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள்.

“இவன் நீலச் சட்டையா போடுதான்? இவ்வளவு நாளும் நான் சாம்பக் கலருன்னுல்லா நெனச்சிருந்தேன்.”

“நீலந்தான்.”

“பேசுத பேச்சு மட்டும் மாறல” என்றாள். அதைச் சொல்லிக்கொண்டே, மூடிய கண்ணிலிருந்து கையை எடுக்காமல், அவர் பக்கம் திரும்பினாள். ஃபேன் காற்றில் அவர் தலையில் மிச்சமிருந்த முடி ஆடிற்று. அவள் அவர் நெற்றியைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், காதில் முளைத்திருந்த முடியைப் பார்த்தாள். கிட்டே வரச் சொன்னாள். வந்தார். இன்னும் கிட்டே. சாட்சிக் கூண்டில் நிற்கிற ஆள் மாதிரி அவர் அசையாமல் நின்றார்.

“என்னங்க, இவ்வளவு வயசாயிட்டா உங்களுக்கு?”

“நேத்து வரைக்கும் ஆகல” என்றார் ஆசீர்வாதம்.